பதிவேட்டில் இல்லாதவர்களை எண்ணுவது எவ்வாறு?

கார்த்திகை மாதத்து மழையில் தறிக்குழிக்குள் தண்ணீர் புகுந்தால் ஒரு நெசவாளர் குடும்பம் என்ன பாடுபடும் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. குழி வற்றி, மண் காய்ந்து, மிதிபலகையில் மறுபடியும் கால் வைக்கும் வரையில் கூலி கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய மழை ஒன்றிற்குப் பிறகு, ஓர் ஊரில் எத்தனை தறிகள் நின்றுபோயின என்று கணக்கெடுத்து அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. காலமோ குறைவு, ஊரோ பெரிது. ஆகவே, கல்லூரியில் கற்றபடி, சங்கத்தின் அங்கத்தினர் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கிச் சில பெயர்களைப் பொறுக்கி, அந்த வீடுகளுக்கு மட்டும் சென்று பார்த்து, அதிலிருந்து ஊர் முழுவதற்கும் கணக்கிட்டு அறிக்கை எழுதினேன். கூட்டலிலோ பெருக்கலிலோ பிழை எதுவும் இல்லை.

அறிக்கை சென்ற இரண்டு வாரங்களுக்குப் பின், அதே ஊரின் பின்தெருவில் ஓர் அம்மாள் என்னை நிறுத்தினார். "எங்கள் தறிக்குழியில் இன்னும் தண்ணீர் நிற்கிறதே, ஐயா! எங்களை ஒருவரும் வந்து கேட்கவில்லையே?" என்றார். அவர் வாடகைத் தறியில் கூலிக்கு நெய்பவர். பாவும் ஊடையும் முதலாளி வீட்டிலிருந்து வரும். நெய்த சேலை அங்கேயே போய்விடும். சங்கத்துக்கும் அவருக்கும் கொடுக்கல் வாங்கல் கிடையாது. என் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. ஆகவே நான் நூறு முறை சீட்டுக் குலுக்கியிருந்தாலும் அவர் பெயர் வந்திருக்கப் போவதில்லை. அந்தத் தெருவில் அவரைப் போன்றவர்கள் பலர் இருந்தனர். அவர்களையும் நிவாரணப் பட்டியலில் சேர்க்கும்படி நான் எழுதிய கடிதம் போய்ச் சேர்வதற்குள் குறித்த தேதி கடந்துவிட்டது.

அன்று முதல், பட்டியலில் இல்லாத மக்களை எண்ணும் முறைகளைப்பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்து வருகிறேன். உலகின் பல பாகங்களிலும் அறிஞர்கள் இதில் மூளையைச் செலவிட்டிருக்கிறார்கள். அவற்றுள் நமக்குப் பயன்படக்கூடிய சிலவற்றை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். மாதிரி ஆய்வின் தத்துவம் முழுவதும் இப்பழமொழியில் அடங்கியிருக்கிறது. ஆனால் அரிசி முழுவதும் அந்த ஒரே பானையில் இருந்தால்தான் பழமொழி செல்லும். விவசாய அங்கத்தினர்கள் பயிர் அறுவடைப் பரிசோதனையைப் பார்த்திருப்பார்கள். கிராமத்தின் சர்வே எண்களிலிருந்து, யாருடைய விருப்பு வெறுப்பும் கலவாமல் ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து, அதில் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட துண்டு ஒன்றை அளந்து, அறுத்து, தூற்றி, எடை போடுவார்கள். வங்காளத்தில் சணல் பயிரின் பரப்பை மாதிரி முறையில் அளக்கும் பெரும் பணியைப் பேராசிரியர் மஹலனோபிஸ் 1937-ஆம் ஆண்டில் தொடங்கினார். 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவப்பட்டதிலும் அவருடைய கை உண்டு. இம்முறைகளில் குறை காண்பது என் நோக்கமன்று. வயலுக்குச் சர்வே எண் உண்டு. அது ஓடி ஒளிவதுமில்லை. அந்த வயலை வாய்மொழிக் குத்தகைக்கு எடுத்து உழுகின்ற மனிதருக்கோ எண்ணும் இல்லை, அடங்கலில் பெயரும் இல்லை. குத்தகை உரிமைகளைப் பதிவு செய்வதற்கென்று நம் மாநிலத்தில் 1969-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆயினும் வாய்மொழியாக நிலம் பிடித்தவர் அப்பதிவேட்டில் ஏறுவது அருமையாகவே இருக்கிறது. பயிர்க் கடன் கேட்டு அவர் சங்கத்தின் படியேறும்போதுதான் அப்படி ஒருவர் இருப்பது நமக்குத் தெரியவருகிறது.

கைத்தறியைப் பொறுத்தவரை, மாதிரியே வேண்டாம், வீடு வீடாகச் சென்று எல்லோரையும் எண்ணிவிடலாம் என்று நாடு முழுவதும் நான்கு முறை கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. 2009-10-ல் நடந்த மூன்றாவது கணக்கெடுப்பில் 43.31 லட்சம் தொழிலாளர்களும், 2019-20-ல் நடந்த நான்காவதில் 35.22 லட்சம் தொழிலாளர்களும் கணக்கில் வந்தனர். மகத்தான வேலை, அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் வீடு வீடாகச் செல்பவருக்குத் தெரிவது வாசற்படிதானே? பின்கட்டில் சார்த்திய கதவுக்குப் பின்னால் ஓடும் தறியை வீட்டார் சொன்னால் உண்டு, சொல்லாவிட்டால் இல்லை. சொல்லாமல் இருப்பதற்கு அவர்களுக்குக் காரணங்களும் இருக்கலாம். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் முடியும் முன்பே வேறொருவருக்கு நெய்துகொண்டிருப்பவர், புதிதாக வந்து கேள்வி கேட்பவரிடம் வாய் திறப்பாரா?

உப்பு சொன்ன கணக்கு

உள்ளே செல்லவே முடியாத இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்த கதை ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞர் சி. ஆர். ராவ் தம் நூல் ஒன்றில் இதனை எழுதியிருக்கிறார்.

1947-ஆம் ஆண்டு, நாடு விடுதலை பெற்றவுடன் டில்லியில் வகுப்புக் கலவரம் மூண்டது. சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த ஏராளமானோர் டில்லிச் செங்கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தனர். வேறு சிலர் ஹுமாயூன் சமாதியில் தங்கினர். அவர்களுக்கு உணவளிக்கும் பொறுப்பைச் சர்க்கார் ஏற்று, பொருள்களை வாங்கிக் கொடுக்கும் வேலையைக் காண்டிராக்டர்களிடம் ஒப்படைத்தது. உள்ளே எத்தனை பேர் என்பது ஒருவருக்கும் தெரியாது. ஆகவே காண்டிராக்டர் எழுதிக் கொடுத்த பில்லுக்கெல்லாம் பணம் கொடுக்க நேர்ந்தது. செலவு ஏறிக்கொண்டே போகவே, புள்ளியியல் வல்லுநர்களை அழைத்து, "எத்தனை பேர் என்று சொல்லுங்கள்" என்றார்கள். கோட்டைக்குள் சென்று எண்ணுவதற்கு அந்நிலைமையில் வழி இல்லை.

அவர்கள் கையில் இருந்தவை அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றுக்கான பில்கள் மட்டுமே. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு இவை ஒவ்வொன்றும் எவ்வளவு வேண்டும் என்பது முன்பு நடந்த நுகர்வு ஆய்வுகளிலிருந்து தெரியும். அரிசியின் மொத்த அளவைத் தலைக்கு வேண்டிய அளவால் வகுத்தால் ஒரு தொகை வருகிறது. பருப்பை வகுத்தால் மற்றொரு தொகை. உப்பை வகுத்தால் மூன்றாவது தொகை. பில்கள் உண்மையாக இருந்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. அரிசி காட்டிய தொகை மிகப் பெரிது. உப்பு காட்டியதே எல்லாவற்றிலும் சிறிது. அரிசி விலையுள்ள பண்டம். அதைக் கூட்டி எழுதினால் லாபம். உப்போ மிக மலிவு. அதைக் கூட்டி எழுதி யாருக்கு என்ன கிடைக்கப்போகிறது? உப்பு சொன்ன தொகையையே உண்மைக்கு நெருங்கியதென்று வல்லுநர்கள் எடுத்துக்கொண்டனர். ஹுமாயூன் சமாதியில் தங்கியிருந்தவர்களின் தொகை தனியே ஒருவாறு தெரிந்திருந்தது. அங்கும் இதே முறையைப் பிரயோகித்துப் பார்த்தபோது கணக்கு ஒத்துவந்தது. இந்த யோசனையைச் சொன்னவர் இந்தியப் புள்ளியியல் கழகத்தோடு நெடுங்காலம் தொடர்புகொண்டிருந்த ஜே. எம். சென்குப்தா என்பவர்.

சங்கங்களைத் தணிக்கை செய்பவன் என்ற முறையில் இக்கதை என் மனத்தைவிட்டு அகலவில்லை. மானியத்தோடோ தள்ளுபடியோடோ கட்டப்பட்ட எந்தக் கணக்கும் அந்த அரிசிக் கணக்கைப் போன்றதுதான். தறித் தொழிலின் உப்பு எது?

என் அபிப்பிராயத்தில், பாவு பிணைப்பவருடைய நோட்டுப் புத்தகம். தறியில் ஒரு பாவு தீர்ந்ததும், பழைய இழையின் நுனியோடு புதிய இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்துக் கொடுப்பவர்கள் நெசவு ஊர்களில் உண்டு. தறி சங்கத்துத் தறியா, முதலாளி தறியா, வாடகைத் தறியா என்பது அவர்களுக்கு ஒன்றுதான். பாவு தீர்ந்த வீட்டுக்கு அவர்கள் போயே ஆக வேண்டும். எங்கே எப்போது பிணைத்தோம், கூலி வந்ததா பாக்கியா என்று குறித்து வைத்துக்கொள்கிறார்கள். அந்தக் குறிப்பில் பொய் எழுத ஒருவருக்கும் காரணம் இல்லை. விவசாயப் பக்கத்திலும் இதற்கு ஒப்பானது உண்டு. நெல் அறுவடை இயந்திரம் வைத்திருப்பவரின் வாடகைக் கணக்கில் பட்டாதாரர் பெயர் இருக்காது. வயலில் நின்று பணம் கொடுத்தவர் பெயர்தான் இருக்கும்.

இரண்டு பட்டியல்கள்

ஆனால் பாவு பிணைப்பவரும் எல்லாத் தறிகளுக்கும் செல்வதில்லை. வீட்டாரே பிணைத்துக்கொள்ளும் தறிகளும் உண்டு. அப்படியானால் அவர் பட்டியலிலும் விட்டுப்போனவர் எத்தனை? இதற்கு விடை தருவது மற்றொரு முறை. டென்மார்க் தேசத்துப் பீட்டர்சன் என்பவர் 1896-ஆம் ஆண்டில் கடல் மீன்களை ஆராய்கையில் இதன் அடிப்படையைக் காட்டினார். மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிடுவது. மறுபடியும் வலை வீசி, அகப்பட்டவற்றுள் அடையாளமிட்டவை எத்தனை என்று பார்ப்பது.

இதனை மனிதர் கணக்குக்குத் தக்கவாறு விரித்தவர்கள் நம் நாட்டுச் சி. சந்திரசேகரும் அமெரிக்கரான எட்வர்ட்ஸ் டெமிங்கும் ஆவர். கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள சிங்கூர் என்ற இடத்துச் சுகாதார நிலையத்தின் எல்லையில் 1945, 1946 ஆகிய ஆண்டுகளின் பிறப்பு இறப்புகளை எடுத்துக்கொண்டு, பதிவாளரின் பட்டியலையும் வீடு வீடாகச் சென்று விசாரித்த பட்டியலையும் ஒப்பிட்டு, இரண்டிலும் விட்டுப்போனவை எத்தனை என்று கணக்கிட்டார்கள். கட்டுரை 1949-ல் வெளிவந்தது.

ஒரு கற்பனை உதாரணம் கூறுகிறேன். ஓர் ஊரில் முதல் பட்டியலில் 200 தறிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதைப் பாராமல் வேறொருவர் தனியாக எடுத்த இரண்டாவது பட்டியலில் 150 தறிகள். இரண்டிலும் காணப்படுபவை 100. இரண்டாவது பட்டியலின் 150-ல் முதல் பட்டியல் பிடித்தது 100, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. அப்படியானால் ஊரில் உள்ள எல்லாத் தறிகளிலும் மூன்றில் இரண்டு பங்கைத்தான் முதல் பட்டியல் பிடித்திருக்கும். 200 என்பது மூன்றில் இரண்டு பங்கு என்றால் மொத்தம் 300. இரண்டு பட்டியல்களையும் சேர்த்து நாம் கண்ணால் கண்டவை 250. ஒருவரும் காணாதவை 50. காணாததை எண்ணிவிட்டோம்!

அவசரப்பட்டு மகிழக் கூடாது. இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று சாராதவை என்பதே இக்கணக்கின் அச்சாணி. பெரிய தெருவில் வெளித்திண்ணையோடு கூடிய வீட்டிலிருப்பவர் இரண்டிலும் எளிதில் அகப்படுவார். பின்கட்டில் இருப்பவர் இரண்டிலும் தப்புவார். அவ்வாறாயின் இரண்டிலும் பொதுவாக உள்ள பெயர்கள் மிகுந்து, மொத்தம் உண்மையைவிடக் குறைந்துவிடும். சந்திரசேகரும் டெமிங்கும் இதை நன்கு அறிந்தே, மக்களை ஒத்த தன்மையுள்ள சிறு சிறு பிரிவுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கணக்கிட வேண்டும் என்றார்கள். நம் ஊர்களுக்குச் சொன்னால், சொந்தத் தறிக்கு ஒரு கணக்கு, வாடகைத் தறிக்கு ஒரு கணக்கு என்று கொள்ளலாம்.

மூன்று சீட்டுகள்

இனி, ஆளைத் தேடி நாம் போகாமல், ஆளே ஆளை அழைத்துவரும் முறையைப்பற்றிக் கூற வேண்டும். ஒருவரைக் கேட்டு அவருக்குத் தெரிந்தவரை அறிந்து, அவரைக் கேட்டு இன்னொருவரை அறியும் வழக்கம் ஆராய்ச்சியாளரிடையே முன்பே உண்டு. உருள உருளப் பெருக்கும் பனிப்பந்தின் பெயரை அதற்கு இட்டிருக்கிறார்கள். லியோ குட்மன் என்பவர் 1961-ல் அதற்குக் கணித அடிப்படை தேடினார். எனினும் அதில் பெரிய குறை ஒன்று இருந்தது. நாலு பேரோடு பழகுபவர்தான் மீண்டும் மீண்டும் அகப்படுவார். ஒதுங்கி வாழ்பவர் கடைசி வரையில் ஒதுங்கியே நிற்பார்.

1997-ஆம் ஆண்டில் டக்ளஸ் ஹெக்கத்தார்ன் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் இம்முறையைச் செப்பனிட்டார். அவர் ஆராய்ந்தது போதை மருந்து ஊசி போட்டுக்கொள்பவர்களை. போலீசுக்கு அஞ்சி மறைந்து வாழ்பவர்கள் அவர்கள். தம் தோழர்களின் பெயரைச் சொல்வார்களா? சொல்ல வேண்டாம் என்றார் ஹெக்கத்தார்ன். ஒவ்வொருவரிடமும் மூன்று சீட்டுகளைக் கொடுத்து, "உங்களுக்குத் தெரிந்த மூவரிடம் கொடுங்கள், விருப்பமிருந்தால் அவர்களே வரட்டும்" என்றார். வந்தவருக்கும் அவரை அனுப்பியவருக்கும் சிறு சன்மானம். வந்தவரிடம், "இத்தொழிலில் உமக்குத் தெரிந்தவர் எத்தனை பேர்?" என்ற கேள்வியும் உண்டு. இருபது பேரைத் தெரிந்தவர் நம்மிடம் வந்து சேர்வதற்கு, இரண்டு பேரை மட்டும் தெரிந்தவரைவிடப் பத்து மடங்கு வழி இருக்கிறது. ஆகவே கணக்கிடும்போது முன்னவர் சொல்லுக்குப் பின்னவர் சொல்லில் பத்தில் ஒரு பங்கு நிறைதான் கொடுக்க வேண்டும். ஒதுங்கி வாழ்பவர் குரல் இவ்வாறு தராசில் சமன் பெறுகிறது.

உழைப்பாளர் விஷயத்திலும் இம்முறை பயன்பட்டிருக்கிறது. 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ, லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் ஆகிய நகரங்களில் குறைந்த கூலிக்கு உழைக்கும் 4,387 பேரை இவ்வழியாகத் தேடிப் பிடித்து விசாரித்தார்கள். அவர்களில் பலர் முதலாளியின் பெயரைச் சொல்லவே அஞ்சுபவர்கள். முந்தைய வாரத்தில் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலிகூடப் பெறாதவர்கள் 26 சதவிகிதம் என்று 2009-ல் வெளியான அறிக்கை தெரிவித்தது. முதலாளிகளின் சம்பளப் பட்டியலை வைத்துக்கொண்டு தேடியிருந்தால் இது வெளிவந்திருக்குமா?

இம்முறைக்கும் வரம்பு உண்டு. சரத் கோயல், மாத்யூ சால்கனிக் என்னும் இருவர் 2010-ல் ஆராய்ந்து, இதில் கிடைக்கும் தொகைகளின் தடுமாற்றம் முன்னர் எண்ணியதைவிட மிக அதிகம் என்று காட்டினார்கள். சாதிக்கொரு தெருவாகப் பிரிந்து கிடக்கும் நம் ஊர்களில் சீட்டு ஒரு தெருவைத் தாண்டாமலே சுற்றிக்கொண்டிருக்கவும் கூடும். தொடக்கச் சீட்டுகளைப் பல திசைகளிலும் கொடுத்தால் அபாயம் குறையும். நீங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன்.

மக்கள் கூடும் இடத்தையும் நேரத்தையும் பட்டியலிட்டு, அங்கே நின்று எண்ணும் முறையும் உண்டு. விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் ஊர்களில் அது எளிது. ஆனால் வீட்டைவிட்டு வெளிவராத பெண்களுக்கு அது உதவாது என்பதால் அதை விரிக்கவில்லை.

சென்ற ஆண்டு, முன் சொன்ன அதே ஊரில், மூன்று சீட்டு முறையைச் சிறு அளவில் செய்து பார்த்தேன். பாவு பிணைப்பவர் ஒருவர், சாயப்பட்டறையில் வேலை செய்பவர் ஒருவர், பின்தெருவில் என்னை நிறுத்திய அந்த அம்மாள், இன்னும் இருவர். இந்த ஐவரிடமும் தலைக்கு மூன்று சீட்டுகள் கொடுத்தேன். பெயர் கிடையாது, எண் மட்டும். கோயில் மண்டபத்தில் மாலை நேரத்தில் உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லி அனுப்பினேன். சன்மானம் கொடுக்க வழியில்லை. தேநீர் மட்டும் என் செலவு.

இரண்டு நாள்கள் ஒருவரும் வரவில்லை. பாவு பிணைப்பவரைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சீட்டைத் திருப்பிக் காட்டினார். நம் வழக்கப்படி ஒவ்வொன்றிலும் அலுவலக முத்திரையைக் குத்தியிருந்தேன்! "வட்ட முத்திரை விழுந்த காகிதத்தை யார் ஐயா கையில் வாங்குவார்கள்?" என்றார். அன்றிரவே முத்திரையில்லாத வெள்ளைச் சீட்டுகளை வெட்டி, எண் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் மூவர் வந்தனர். பிறகு வரவு நிற்கவில்லை. முன்பணக் கடனில் கட்டுண்டவர்கள் சிலரும் வந்தார்கள். அவர்கள் சொன்னவற்றை ஊர், தெரு, பெயர் எதுவும் இன்றியே குறித்துக்கொண்டேன், இங்கும் எழுதப்போவதில்லை.

சீட்டில் வந்தவர்களின் பட்டியலையும் பாவு பிணைப்பவரின் நோட்டுப் புத்தகத்தையும் ஒப்பிட்டு, சிங்கூர் முறையில் மொத்தத்தைக் காண எண்ணினேன். தறி இருக்கும் வீட்டின் அடையாளத்தை அவரவர் சம்மதித்தால் மட்டும் தனித்தாளில் எழுதி, ஒப்பிட்டு முடித்தவுடன் கிழித்தெறிவது என்று ஏற்பாடு. அங்கும் ஒரு தவறு செய்திருந்தேன். பாவு பிணைப்பவரே என் முதல் ஐவரில் ஒருவர் அல்லவா? அவர் சீட்டின் வழியாக வந்தவர்கள் அவர் நோட்டிலும் இருப்பார்கள். இரண்டு பட்டியல்களும் ஒன்றையொன்று சார்ந்துவிட்டன. அந்தக் கிளை முழுவதையும் நீக்கிவிட்டு, மற்ற நால்வரின் வழியாக வந்தவர்களை மட்டும் கொண்டு கணக்கிட்டேன். வந்த தொகையைத் துல்லியம் என்று சொல்ல மாட்டேன். பதிவேட்டுக்கு வெளியே உள்ள தறிகளை ஒரு சிறு மிச்சமாக எண்ணி நான் முன்பு எழுதிய அறிக்கை தவறு என்று காட்ட அது போதுமானதாயிருந்தது.

கடைசி நாள் மாலையில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் சீட்டோடு வந்தார். எத்தனை தறி என்று கேட்டேன். "எனக்குத் தறி ஏது? நாலு தறிக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறேன். என்னையும் எழுதிக்கொள்வீர்களா என்று கேட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார். 2019-20 கணக்கெடுப்பின் 35.22 லட்சத்தில் 8.48 லட்சம் பேர் அவரைப் போன்று தறிக்கு முன்னும் பின்னும் வேலை செய்பவர்கள் என்பதை நான் படித்திருந்தேன். ஆயினும் என் சீட்டில் "தறி நெய்பவர்" என்றுதான் எழுதியிருந்தது. அவரை எழுதிக்கொண்டு, அடுத்த ஊருக்கான சீட்டுகளில் அவ்வார்த்தையை அடித்துவிட்டு, "தறி வேலை செய்பவர்" என்று மாற்றினேன்.